எனக்கு மட்டும் தெரிந்த புள்ளி

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். பெயிண்ட் அடித்து வரும் வெள்ளைத் தகடுகளை டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தூசியோ கீறலோ கொப்புளமோ இருந்தால் மார்க்கரால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. இந்த வேலையை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்று என் கணவர் கேலி செய்வார். அரிசியில் கல், சட்டையில் கறை, அவர் பேச்சில் பொய், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. குழந்தைகள் இல்லை. பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில் ஒரு ஃபிளாட்டின் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறேன். இப்போது குறை சொல்ல வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

போன வருஷம் ஆடி மாதம் ஒருநாள் காலையில் பதினொரு தகடுகளை வரிசையாகக் கழித்தேன். எல்லாவற்றிலும் கறுப்பாக ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் நூல் மாதிரி ஒரு வால். பெயிண்டர் வந்தார். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பெயிண்ட் அடிக்கிறவருக்கும் அதைப் பார்த்துக் கழிக்கிறவருக்கும் எந்தக் கம்பெனியிலும் ஆகாது. நாங்களும் எலியும் பூனையும்தான். என் வட்டங்களுக்குள் விரலால் தடவிப் பார்த்தார், துணியால் துடைத்தும் பார்த்தார்.

"இன்னாக்கா இது, ஒண்ணியும் இல்லியே. சும்மா வட்டம் போட்டுக்கினு கீற."

முகத்தில் கண் இருக்கிறதா என்று கேட்டேன். சூப்பர்வைசர் வந்தார், என் பேச்சைத்தான் நம்பினார். பன்னிரண்டு வருஷத்தில் வாங்கிய பெயர் அப்படி. பதினொன்றையும் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னார். பெயிண்டர் தகடுகளைத் தூக்கிக்கொண்டு போனார். மத்தியானம் சாப்பாட்டுக்கும் அவர் வரவில்லை.

சாயங்காலம் தகடுகள் திரும்பி வந்தன. அதே புள்ளி, அதே வால். நான் பார்வையை வலதுபக்கம் நகர்த்தினேன். புள்ளியும் மிதந்துகொண்டே கூட வந்தது. அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதினொன்றையும் பாஸ் செய்துவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்மணி விரிவதற்குச் சொட்டுமருந்து விட்ட நர்ஸ், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார் என்றேன். வாய்க்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை, அவ்வளவு சுலபமாக வந்தது.

டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் ஜெல்லி மாதிரி ஒன்று நிறைந்திருக்கிறது. வயது ஆக ஆக அது நீர்த்துப்போய் அங்கங்கே திரிதிரியாகத் திரண்டுகொள்ளும். அந்தத் திரிகளின் நிழல்தான் இப்படிப் புள்ளியாக, நூலாக மிதக்கிறது. என்னைப் போல மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமே வரும். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, கரைக்க மருந்தும் கிடையாது, பழகிவிடும். ஆனால் புள்ளிகள் திடீரென்று கூடினாலோ, கண்ணோரத்தில் வெளிச்சம் மின்னினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தது போல இருட்டினாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே வந்துவிட வேண்டும், கூட ஒரு ஆளோடு. இதையெல்லாம் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்தால் வெயில் கண்ணைக் கொன்றது. பஸ் போர்டு ஒன்றும் படிக்க முடியவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க ரோஷம். வந்த பஸ்ஸில் ஏறி, பூந்தமல்லிக்குப் பதிலாக ஆவடியில் போய் இறங்கினேன். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் புடவைத் தலைப்பைக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொண்டு அழுதேன். கண்ணுக்காக இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார் என்று சொன்னேனே, அந்த ஆள் வரவே மாட்டார் என்பதற்காக.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, விளக்கேற்றும் நேரம். இடது கண்ணோரத்தில் பளிச்சென்று ஒரு மின்னல். டியூப் லைட் சிமிட்டுகிறது என்று நினைத்து ஸ்டார்ட்டரை மாற்றினேன். மறுபடி மின்னியது. கடைக்குப் போய் புது டியூபே வாங்கிவந்து போட்டேன். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் மின்னியது.

மழைக்காலம், உண்மையான மின்னலாகவும் இருக்கலாம். பக்கத்தில் ஒருவர் இருந்தால் "இப்ப மின்னிச்சா?" என்று கேட்டுவிடலாம். ஆமாம், இல்லை, ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். எதிர்வீட்டில் ஐடி வேலைக்குப் போகிற ஒரு இளம் ஜோடி இருக்கிறது. அவர்கள் காலிங் பெல்லுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய் நின்றேன். முன்பின் பேசாதவள் வந்து மின்னல் அடித்ததா என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். தனியாக இருப்பதில் எனக்குப் பயம் கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலையில் எழுந்தபோது கடுகு டப்பாவைக் கவிழ்த்தது போல இடது கண் முழுக்கப் புள்ளிகள். வலது கண்ணை மூடிப் பார்த்தேன், இருந்தன. இடதை மூடினேன், இல்லை. டாக்டர் சொன்ன மூன்றில் இரண்டு வந்துவிட்டன. என் பிழைப்பே இந்தக் கண்தான், இது போனால் எல்லாம் போச்சு என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் மத்தியானம் வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. கேட்டால், கூட யார் வருகிறார்கள் என்று அவர்கள் கேட்பார்கள்.

போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். தென்காசியில் இருக்கும் அண்ணன், கேஸ் ஏஜென்சி, தண்ணி கேன் போடுகிறவர், செத்துப்போன சித்தி. ஷிப்ட் விஷயமாக வாங்கி வைத்திருந்த பெயிண்டரின் நம்பர் அதற்கடுத்து வந்தது. அவரைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. கூப்பிட்டேன். எடுத்ததும், மூன்று மாதமாகத் தொண்டையில் சிக்கியிருந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

"அன்னைக்கு அந்தப் பதினொரு தகட்டுலயும் ஒண்ணுமில்லப்பா. எல்லாம் என் கண்ணுல இருந்துச்சு."

"அது எனக்கு அன்னிக்கே தெர்யும்கா," என்றார். "இப்ப இன்னா ஆச்சு, அத்த சொல்லு."

சொன்னேன். ஊட்டிலேயே இரு, படி இறங்காதே, வந்துகினே கீறேன் என்றார். மச்சானுடைய பைக்கை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு ஞாயிறும் ஒரு டாக்டர் இருந்தார். சீட்டு எழுதுகிற பெண் அவரைப் பார்த்து, நீங்க இவங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டாள்.

"நா பெயிண்ட் அடிப்பேன். அக்கா அதுல நொட்டை சொல்லும்," என்றார் அவர்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என்னவோ எழுதிக்கொண்டாள். இந்தத் தடவை நான் எதையும் புளுக வேண்டியிருக்கவில்லை.

விழித்திரையில் சின்னதாக ஒரு கிழிசல். திரை இன்னும் பிரியவில்லை, அது என் அதிர்ஷ்டம். நேற்றே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் திட்டினார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் திரை பிரிந்து பார்வையே போயிருக்கும் என்றார். டியூப் மாற்றிய கதையை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றைக்கே லேசர் வைத்துக் கிழிசலைச் சுற்றி அடைத்தார்கள். பச்சை வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் கண்ணுக்குள் ஆழமாக வலித்தது. வெளியே பெயிண்டர் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழைத்துவந்து வீட்டில் விட்டார், இட்லி வாங்கிக் கொடுத்தார், ரயிலுக்கு நேரமாகிற மாதிரி அவசரமாகக் கிளம்பிவிட்டார். பைக்கில் வந்தவருக்கு ஏது ரயில்?

பார்வை பிழைத்தது. பழைய புள்ளியும் வாலும் இன்னும் மிதக்கின்றன, அதற்கு நான் பழகிக்கொண்டேன். சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன். இப்போதெல்லாம் ஒரு தகட்டைக் கழிப்பதற்கு முன் இன்னொருவரைக் கூப்பிட்டு, உனக்கும் தெரிகிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். என் தகட்டிலா, உன் கண்ணிலா என்று பெயிண்டர் விடாமல் கிண்டல் செய்கிறார். நானும் விடாமல் நொட்டை சொல்கிறேன். அதற்காக வாழ்க்கை மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் குடும்பம் இருக்கிறது. எனக்குப் பூட்டைத் திறந்தால் அதே வீடு, காலையில் கழுவிக் கவிழ்த்த அதே ஒற்றைத் தட்டு.

போன வாரம் ஒரு சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் பளிச்சென்று மின்னியது. இடதுபக்கம். இடியும் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். யோசித்தால் கூப்பிட மாட்டேன் என்று தெரியும், அதனால் யோசிக்கவில்லை.

"இப்ப மின்னல் அடிச்சுதா?" என்று கேட்டேன்.

இரு என்றார் பெயிண்டர். கதவு திறக்கிற சத்தம், ஒரு குழந்தை எதற்கோ சிணுங்குவது, தெருவில் ஒரு வண்டி. அங்கே வாசலில் நின்று அவர் எனக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா, இங்கியும் அடிக்குது. பெரிய மழ வரும் போல கீது. மாடியில துணி கெடந்தா எட்து வை."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, நான் வீட்டில் பார்த்த ஒன்றை இன்னொருவரும் பார்த்திருந்தார். மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்துவந்தேன்.