ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பதினாறாம் நாள் கூத்து

எங்கள் மன்றத்தின் நிகழ்ச்சி அறிவிப்புகள் இப்போதெல்லாம் வாட்ஸப்பில் வருகின்றன. இந்த மாதம் ஒரு வயலின் கச்சேரி, பள்ளிப் பிள்ளைகளின் பறையாட்டம், ஒரு ஞாயிறு முழுக்கப் பொம்மலாட்டப் பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுகின்றன. கைகூப்பியவர்களில் பாதிப் பேர் வருவதில்லை. நான் மட்டும் இந்த அறிவிப்புகளைத் தனியே எடுத்து மாதவாரியாக அடுக்கி வைக்கிறேன். சின்ன வயதில் தொற்றிக்கொண்ட பழக்கம். அன்றைக்கு அறிவிப்பு என்றால், ராசிபுரம் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடைக்கும் புளியமரத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர்தான். மேலே 'அடுத்து வரும் நிகழ்ச்சிகள்'. கீழே தேதி, கிழமை, நேரம். கடைசியில், எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும், 'அனைவரும் குடும்பத்துடன் வருக'.

மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி, புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஓட்டம் நின்றுபோன சேகோ பேக்டரி ஒன்றின் கிடங்கு அது. ஜவ்வரிசி மூட்டை அடுக்கிய இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மழை பெய்தால் சுவரிலிருந்து மரவள்ளி மாவு புளித்த வாடை கிளம்பும். பாட வந்தவர்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டே சுருதி சேர்ப்பார்கள். அதை வாடகைக்கு எடுத்து நடத்தியவர் என் சித்தப்பா. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தார். கலைக்கு நல்ல நாள் கெட்ட நாள் எதுவும் கிடையாது என்பது அவருடைய கட்சி. அவர் கட்சியில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடத்துத் தை மாதம். பேனரில் வருடம் போட்டிருக்கவில்லை. ஆனால் நான்கு வழிச் சாலைக்காக அந்தப் புளியமரத்தை வெட்டியது அதற்கு அடுத்த வருடம், ஆகவே என் கணக்கில் தவறு இருக்காது. பொங்கல் கழிந்து கட்டிய பேனரில் மூன்று நிகழ்ச்சிகள். ஒரு புல்லாங்குழல் கச்சேரி, ஒரு மாணவர் கவியரங்கம், தைக் கடைசி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஆத்தூர்ப் பக்கத்துக் குழுவின் கூத்து. கூத்தின் பெயரையும் போட்டிருந்தார்கள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பக்கம் அதை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. பதினாறாம் நாள் கூத்து என்பார்கள். ஒருவர் இறந்த பதினாறாம் நாள், போனவர் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று அவருடைய வீட்டு வாசலில் ஆடுவது. சாவு இல்லாமல் அந்தக் கூத்து இல்லை.

அதற்குத்தான் சித்தப்பா தேதி போட்டு, நேரம் போட்டு, எல்லோரையும் குடும்பத்துடன் வரச் சொல்லியிருந்தார்.

பேனர் கட்டிய அன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டீக்கடையில் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏனுங்க, ஆரு போயிட்டாங்க?"

"இன்னும் ஆரும் போகலீங்க."

"அப்பறம் தேதி போட்டிருக்குது?"

"அதானுங்க நானும் பாக்கறேன்."

என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காரணம் இருந்தது. சித்தப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, பக்கவாதம் வந்து எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்தார். வலது கை வேலை செய்யாது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். வீட்டிலே ஒருவர் இப்படிக் கிடக்க, தம்பி நடத்துகிற மன்றத்தில் பதினாறாம் நாள் கூத்து. ஊர் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் யாரோ பார்த்தார்கள். அந்த ஞாயிறு பதினாறாம் நாள் என்றால், பின்னோக்கி எண்ணும்போது முதல் நாள் ஒரு சனிக்கிழமையில் போய் நின்றது.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கால்விரல்களைப் பார்த்தார்கள், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார்கள். அம்மா காபி போட்டு ஓயவில்லை. யாரும் சத்தமாகப் பேசவில்லை. விருந்தாளிகள் நிறைந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகும் பெரியப்பா மூச்சு விட்டுக்கொண்டிருக்கவே, "நல்லாத்தானுங்க இருக்கறாரு" என்று ஓர் அம்மாள் சொன்னார். அந்தக் குரலில் கொஞ்சம் குறைப்பட்ட தொனி இருந்தது.

எல்லோரும் போனதும் பெரியம்மா சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"உசுரோட இருக்கற மனுசனுக்கு பேனரு கட்டீட்டீங்களே தம்பி. நல்லா இருக்குதுங்களா இது?"

"அண்ணி, அது கலைங்க. அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க."

"கலையோ கருமாந்தரமோ, நாளைக்கே அவுத்துப் போடுங்க அத."

கட்டிலிலிருந்து பெரியப்பா பேசினார். வார்த்தை குழறும், மற்றவர்களுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர் பக்கத்திலேயே கிடப்பவள் என்பதால் எனக்கு மட்டும் உடனே புரியும். "இருக்கட்டும்கறாரு" என்று நான் எடுத்துச் சொன்னேன். "அவரும் வர்றாராமா."

பெரியம்மா கட்டிலின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவரு போனா நானும் வாரேன். அங்க எவனாச்சும் இவரு பேரச் சொன்னான்னா மேடையேறி மைக்கப் புடுங்கீருவேன். சொல்லிப்போட்டேன்."

அந்த வீட்டில் யாரும் சொல்லாத இன்னொரு பெயரும் இருந்தது. பெரியப்பாவுக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே வேலைக்குப் போனவர். வண்டி திரும்பி வந்தது. உடன் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். வழியில் ஏதோ ஓர் ஊரில் வண்டி நின்றபோது இறங்கிப் போனவர் ஏறவில்லை என்றார்கள். போலீசில் சொல்லி, பெரியப்பாவே இரண்டு தடவை போய் அலைந்து, ஒன்றும் தெரியவில்லை. 'அண்ணன் வடக்க இருக்கறான்' என்பார் பெரியம்மா. இருந்தான் என்று யாரும் வாய்தவறியும் சொல்லக் கூடாது. வடக்கு என்பது சேலத்துக்கு அப்பால் உள்ள ஓர் ஊர் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

கூத்தன்று மன்றம் நிறைந்துவிட்டது. எந்தக் கச்சேரிக்கும் அப்படிக் கூட்டம் வந்ததில்லை. ஆனால் குழந்தை என்று பார்த்தால் நான் ஒருத்திதான். குடும்பத்துடன் வருக என்று போட்டிருந்தும் யாரும் பிள்ளைகளைக் கூட்டி வரவில்லை. பெரியப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து முதல் வரிசையில் வைத்தார்கள். பெரியம்மாவும் நானும் இரு பக்கமும் உட்கார்ந்தோம். அந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. இடமில்லாமல் சுவரோரம் நின்றவர்கள்கூட வரவில்லை.

மேடையின் முன்னால் ஒரு வாழையிலை, அதில் பச்சரிசி, ஒரு விளக்கு. விளக்குக்குப் பின்னால் ஒரு மர முக்காலி. போனவரின் படம் வைக்கிற இடம் அது. முக்காலி காலியாக இருந்தது.

ஆறு மணிக்குத் திரை விலகவில்லை. கூத்து வாத்தியார் பக்கவாட்டிலிருந்து வந்தார். முகத்தில் ஒரு பாதிக்குச் சிவப்பு அரிதாரம் பூசியிருந்தது. மறு பாதி அவருடைய சொந்த முகம்.

"யார் பேருக்கு சார்?" என்றார்.

"பேரெல்லாம் வேண்டாங்க வாத்தியாரே. பொதுவா ஆடுங்க" என்றார் சித்தப்பா.

"இதுல பொதுவுன்னு ஒன்னு கிடையாது சார். இதுவரைக்கும் நாங்க ஆடுனதில்ல."

"இன்னைக்கு ஆடிப் பாருங்களேன்."

"பேர் குடுக்கலன்னா அது சும்மா இருக்காது சார். ஒக்காந்திருக்கறவங்கள்ல ஒரு பேரை அதுவா எடுத்துக்கும்."

மைக் போட்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. கிடங்கு முழுக்க அது கேட்டது. கேட்டதும் எழுந்து போகலாம் என்று பலருக்கும் தோன்றியிருக்கும். முதலில் எழுந்திருப்பவர் யார் என்பதுதான் சிக்கல். ஒரு நாற்காலிகூட நகரவில்லை. எல்லோருடைய பார்வையும் முதல் வரிசையில் வந்து நின்றது.

பெரியப்பா இடது கையைத் தூக்கினார்.

வாத்தியார் இறங்கி வந்து குனிந்து மைக்கை அவர் வாயருகே பிடித்தார். பெரியம்மா எழுந்துவிட்டார், கணவரின் பெயர் வந்தால் பிடுங்குவதற்குக் கை நீண்டு காத்திருந்தது. பெரியப்பா சொன்னது அந்தப் பெயர் இல்லை.

மகனின் பெயரைச் சொன்னார்.

சாலையைப் பார்க்கக் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலும் அந்தப் பெயர் போயிருக்கும். எனக்குத்தான் முதலில் புரிந்தது. மன்றத்தில் மைக்கில் ஒருவருடைய பெயரைச் சொன்னால், அவர் பின்னாலிருந்து எழுந்து வந்து துண்டு போர்த்திக்கொள்வார். நான் அறிந்தது அவ்வளவுதான். அண்ணன் வந்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மாவும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா இன்னும் ஏதோ சொன்னார். இந்த முறை பெரியம்மாவுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. "அவரும் போயிட்டா அண்ணனுக்கு ஆரு செய்வாங்கன்னு கேக்கறாரு, பெரீம்மா."

அந்தக் கூத்தைக் கேட்டு வாங்கியவரே பெரியப்பாதான் என்பதைச் சித்தப்பா பல வருடம் கழித்துச் சொன்னார். 'எனக்குப் பாக்கோணும்னு மட்டுந்தான் சொன்னாரு. எதுக்குன்னு நான் கேக்கல.' வீட்டில் இதைச் செய்யப் பெரியம்மா ஒருநாளும் விட்டிருக்க மாட்டார்.

பெரியம்மா கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ தன் நாற்காலியைத் தூக்கி வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். என் நாற்காலியையும் திருப்பினார். மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"ஆடுங்க. பாதியில அவன் வந்துட்டான்னா நிறுத்திப்போடோணும்."

"நிறுத்திடறோம் தாயி" என்றார் வாத்தியார்.

ஆகவே அந்தக் கூத்தை நான் பார்க்கவில்லை, கேட்டேன். மிருதங்கம், முகவீணை, சலங்கை. இடையிடையே அண்ணனின் பெயர், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீட்டி. எங்களுக்குப் பின்னாலிருந்து ஆடியவர்களின் நிழல்கள் எங்களைத் தாண்டி, கூட்டத்தின் தலைகளைத் தாண்டி வாசல்வரை போய்த் திரும்பின. எங்களை நோக்கி அத்தனை முகங்கள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை.

பாதி தாண்டியிருக்கும். வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். காக்கிச் சட்டை, தலையில் துண்டு. சாலையில் போகிற வண்டிகளின் வெளிச்சம் அவர் முதுகில் விழுந்ததால் முகம் தெரியவில்லை.

மிருதங்கம் நின்றது. சலங்கை ஒரு முறை தட்டி ஓய்ந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. வந்தவர் திகைத்துப் போய், ஆடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தூண் மறைவில் மேடை தெரியாதென்று கடைசி வரிசையில் காலியாக விட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். திரும்பிய தலைகள் இப்போது பெரியம்மாவைப் பார்த்தன.

"அண்ணனா, பெரீம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். அண்ணனின் முகம் எனக்குத் தெரியாது.

"தெரியல கண்ணு."

"தாயி?" என்று மேடையிலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது.

பெரியம்மா அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது; தேதிகளில் எனக்கு இருக்கிற நிச்சயம் இதில் இல்லை. பிறகு திரும்பாமலே சொன்னார்.

"ஆடுங்க."

கூத்து முடிந்து விளக்குகளைப் போட்டபோது கடைசி நாற்காலியில் யாரும் இல்லை. லாரி டிரைவராக இருக்கும், சத்தம் கேட்டு வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருப்பார் என்று சித்தப்பா சொன்னார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பெரியப்பா அந்த வருடம் ஆடியில் காலமானார். ஊர் சொன்ன சனிக்கிழமை இல்லை அது, ஒரு புதன்.

எங்களுக்கும் அந்தத் தூணுக்கும் நடுவே ஏழெட்டு வரிசைதான். அன்று பெரியம்மா 'ஆடுங்க' என்று சொன்னதும், நான் போய்ப் பெயர் கேட்டுவிட்டு வரட்டுமா என்று எழுந்தேன். பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். கூத்து முடிகிற வரைக்கும் பிடியை விடவில்லை. வளையல் அழுந்திய தடம் மறுநாள் பள்ளிக்கூடத்திலும் இருந்தது. நான் சத்தம் போட்டுக் கூத்தைக் கெடுத்துவிடுவேன் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். அதனால் அவர் காதருகே போய், கெடுக்க மாட்டேன் பெரீம்மா என்று சொன்னேன்.