பதினோரு வகை ‘ம்’

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படிக்கு அடியில், கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கிற ஓர் அறை. அதில் ஒரு டெலிபோன் போர்டு, ஒரு நாற்காலி, காதில் ஹெட்போன். வெளியிலிருந்து வருகிற அழைப்பை வார்டுக்கோ டாக்டருக்கோ மாற்றிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் மொழியியலில் எம்.ஏ. முடித்திருந்தாள் என்பது அங்கே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

சம்பந்தம் இருந்தது. "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காரு, கொஞ்சம் லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டதும் எதிர்முனையில் ஒரு ‘ம்’ வரும். அந்த ஒரு ‘ம்’மை வைத்தே இவர் காத்திருப்பார், இவர் வெடுக்கென்று போனை வைத்துவிடுவார், இவர் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பதினேழு வருஷம் இப்படிக் கேட்டுக் கேட்டு, நாற்பத்தோராவது வயதில் ஒரு நாள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பகுதிநேர ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போட்டாள்.

நெறியாளராக வந்தவர் அவளைவிட எட்டு வயது சின்னவர். அவளை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் முதல் பத்து நிமிஷம் திணறினார்.

"வினைச்சொல் விகுதியில ஏதாவது பண்ணலாமே மேடம். புத்தகம் நிறைய இருக்கு, சட்டுனு முடிச்சிரலாம்."

"‘ம்’மைப் பத்திப் பண்ணணும் சார்."

"எந்த ‘ம்’?"

"நாம பேசும்போது கேட்டுக்கிட்டு இருக்கறவங்க சொல்றாங்களே, அந்த ‘ம்’."

அவர் சிரித்துவிட்டார். "ஒரே ஒரு எழுத்துக்கு டாக்டர் பட்டமா?"

"நீங்க ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார். அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்க. நான் ‘ம்’ மட்டும் சொல்றேன்."

"நாளைக்கு மீட்டிங் இருக்கு" என்றார். முதல் ‘ம்’ சரி என்றது. அடுத்தது அப்படியா என்றது. மூன்றாவது, அப்புறம்? நாலாவது, எனக்கென்ன. ஐந்தாவது, ஐயோ பாவம். ஆறாவது ‘ம்’மைக் கேட்டதும் அவர் தன்னையறியாமல், "இல்ல, நான் கட்டாயம் போகணும்னு ஒண்ணும் இல்ல…" என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதன் பிறகுதான் பேனாவைத் தேடி எடுத்தார்.

"கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா."

ஆஸ்பத்திரி அழைப்புகளைப் பதிவு செய்ய முடியாது. நோயாளிகளின் குடும்ப விஷயம். அதனால் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் டேப் ரெக்கார்டரை வைப்பது என்று முடிவாயிற்று. வீட்டில் நாலு பேர். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஆள். பையனுக்குப் பதிமூன்று வயது, பெண்ணுக்கு ஒன்பது.

முதல் இரண்டு வாரப் பதிவையும் குப்பை என்று ஒதுக்க வேண்டியதாயிற்று. சிவப்பு விளக்கு எரிந்ததும் நாலு பேரும் ரேடியோ செய்தி வாசிக்கிறவர்களாக மாறிவிடுவார்கள். "அன்பு மகளே, தண்ணீர் செம்பை இப்பக்கம் நகர்த்துவாயாக" என்று புருஷன் சொல்ல, பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மூன்றாவது வாரத்தில் அந்தப் பெட்டியை எல்லோரும் மறந்தார்கள். பழையபடி சண்டை, புகார், கிண்டல், பரீட்சை மார்க்கைப் பற்றிய பொய்கள் எல்லாம் வந்து சேர்ந்தன.

மாலை ஷிஃப்ட் உள்ள நாட்களில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். ஒரு நிமிஷப் பேச்சை எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். பிறகு அதைத் துறையின் ஒலிக்கூடத்துக்கு எடுத்துப் போக வேண்டும். எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை அது. கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு ‘ம்’மும் ஒரு சின்னப் பச்சைக் கோடாக ஏறும், இறங்கும், சில சமயம் நெளியும். மூன்று வருஷத்தில் பதினோரு வகை பிரித்துவிட்டாள்.

அதில் ஏழாவது முழுக்க முழுக்கப் புருஷனுடையது. தட்டையான, குட்டையான ‘ம்’. அதற்கு அவள் வைத்த பெயர் ‘கவனமில்லா ம்’. அந்த அத்தியாயத்தை அவள் கொஞ்சம் காரமாகவே எழுதியிருந்தாள். கல்யாணமானதிலிருந்து சேர்ந்த குறை அதில் இறங்கியிருந்தது.

நெறியாளர் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

"கவனிக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாதா சார்? கூட வாழறவ நான்."

"அது ஆதாரம் இல்லையே அக்கா. அந்த ‘ம்’முக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு பார்த்தீங்களா?"

முகம் சுருங்கிப் போய்த்தான் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை கேசட்டுகளை மறுபடி முதலிலிருந்து போட்டாள். ‘குளியலறை பல்பு போயிடுச்சுங்க.’ ‘ம்.’ இரண்டு நாள் தள்ளி, அவளுடைய குரலே, ‘பல்பு எப்போ மாத்தினீங்க?’ ‘இவனுக்கு ஷூ கடிக்குதாம்.’ ‘ம்.’ அடுத்த வாரம், பையன் புது ஷூவைப் பற்றித் தங்கையிடம் பீற்றிக்கொள்கிறான். ‘எனக்கு முதுகு வலிக்குது.’ ‘ம்.’ மறுநாள் பதிவில் நாற்காலி இழுபடுகிற சத்தம். அந்த நாற்காலிக்கு அவர் மெத்தை வைத்துத் தந்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். அறுபத்துமூன்று ‘ம்’. ஐம்பத்தெட்டுக்குக் காரியம் நடந்திருந்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அன்றைக்கு அவர் சாப்பிட வந்தபோது, எதிரே இருக்கிற முகத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்றாள்.

அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினாள். ஆய்வேடு ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. ஏழாவது வகைக்கு ‘ஏற்பு ம்’ என்று பெயர் மாறியது.

வாய்மொழித் தேர்வு அன்று புருஷன் வேலை உடுப்போடு, கையில் கிரீஸ் கறையோடு, கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்திருந்தார்; கேள்வி மேல் கேள்வி. ஏழாவது வகைக்கு வந்ததும், "அந்த ஐம்பத்தெட்டு என்கிற எண்ணிக்கை சரிதானா?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"அம்பத்தொன்பதுங்க" என்றார் புருஷன் எழுந்து நின்று. "கதவுக்குப் பின்னால துணி மாட்டக் கொக்கி வேணும்னு கேட்டா. அன்னைக்கே அடிச்சிட்டேன். அவதான் பார்க்கல."

அறையே குலுங்கிச் சிரித்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். கொக்கி இருந்தது, பெண்ணின் பள்ளிக்கூடப் பை அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

பட்டம் வந்தது, பேராசிரியர் வேலை வரவில்லை. அதற்கெல்லாம் வயது தாண்டிவிட்டிருந்தது. ஓய்வு பெறும்வரை மாடிப்படிக்கு அடியிலேயே இருந்தாள். குடியிருப்பில் மட்டும் டாக்டரம்மா ஆகிவிட்டாள். காய்ச்சல் என்று மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம், "நான் பேச்சுக்கு டாக்டர்ம்மா, காய்ச்சலுக்கு இல்ல" என்று இன்றைக்கும் சொல்லி அனுப்புகிறாள்.

பையனும் பெண்ணும் ஆளுக்கொரு தேசத்தில் இருக்கிறார்கள். போன மாதம் பெண் போனில், "அம்மா, அந்த ரேடியோ தமிழ் கேசட் இருக்கா? என் பசங்க கேக்கணும்" என்றாள். குப்பை என்று ஒதுக்கிய அந்த இரண்டு வாரக் கேசட்டையும் அவள் தூக்கிப் போட்டிருக்கவில்லை. ஆனால் அதைத் தேடப் போய் மற்றவை கையில் சிக்கிவிட்டன. ஒன்றைப் போட்டால் தட்டுச் சத்தம், குரல் உடைகிற வயதுப் பையனின் கத்தல், ‘அப்பா, இவனைப் பாருங்கப்பா’ என்கிற ஒன்பது வயதுக் குரல், யார் பேச்சும் யாருக்கும் கேட்காத அந்தக் கூச்சல். ஆராய்ச்சிக்காகக் கேட்ட காலத்தில் இந்தக் கூச்சலைத்தான் அவள் இடைஞ்சல் என்று ஓரத்தில் குறித்து வைத்தாள்.

இப்போது மத்தியானம் சாப்பிட்டதும் இரண்டு பேரும் மேஜையிலேயே உட்கார்ந்து கேட்கிறார்கள்.

"கேசட்டை அனுப்பிட்டியா?" என்று அவர் கேட்டார்.

"இன்னும் இல்லைங்க. இன்னும் முப்பது கேசட் பாக்கி இருக்கு."

"மெதுவா அனுப்பிக்கலாம், அவசரம் என்ன?" என்று சொல்லி, அவரே எட்டி அடுத்ததை எடுத்துக் கொடுத்தார்.