ஸ்டெல்லா அக்காவின் இரண்டு அட்டைகள்

சனிக்கிழமை காலை கம்பெனி பஸ் தளி ரோடு நிறுத்தத்தில் நிற்காமல் போனது. "டிரைவரண்ணே, ஸ்டெல்லா அக்கா ஏறணும்!" என்று கத்தினேன். முனியப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஏறமாட்டாங்கம்மா. விடியக்காலம் ஃபிட்ஸ் வந்து இறந்து போயிட்டாங்களாம்."

பேக்கிங் பிரிவில் அக்காவோடு நின்ற உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவது தாண்டாதவள். பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. காண்ட்ராக்ட்காரர் மாறியபோது நம்மில் பலருக்குக் காப்பீட்டு அட்டை போயிற்று. அதுவரை இலவசமாகக் கிடைத்த மாத்திரையை அவர் கடையில் வாங்க வேண்டியதாயிற்று. விலை குறைந்த வேறு கம்பெனி மாத்திரையைப் போட்டுப் பார்த்தார். நாலாம் நாள் பஸ் ஸ்டாண்டில் விழுந்தார். "உங்களுக்குப் பழைய கம்பெனி மாத்திரைதான் ஒத்துக்குது, மாத்தாதீங்க" என்றார் டாக்டர். அக்கா மாற்றவில்லை. பாதியாக உடைத்துப் போட்டார். "அந்த அட்டை இருந்தா இந்த அட்டை சும்மா வரும்டி" என்று மாத்திரை அட்டையை ஆட்டிக் காட்டுவார்.

பாதி போட ஆரம்பித்த வாரம் டீ நேரத்தில் கேட்டார்: "கேட் பக்கத்துல மஞ்சச் சேலைல ஒருத்தி நிக்கிறாளே, புதுசா?"

அங்கே யாருமில்லை. "செக்யூரிட்டி சம்சாரமா இருக்கும்" என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

முழு மாத்திரை போட்ட நாளில் அந்த மஞ்சள் சேலைக்காரி வரமாட்டாள். பாதி போட்டால் கேட்டருகே நிற்பாள். கால் போட்டால் பெட்டிகள் ஓடும் நம் பெல்ட்டுக்குப் பக்கத்தில். "அவளையும் ரெண்டு பெட்டி ஒட்டச் சொல்லுக்கா, டார்கெட் முடியும்" என்பேன். ஒருநாள் கேண்டீன் பெஞ்சில் அக்கா மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் தள்ளி உக்காருடி. அவ சேலை மேல உக்காந்திருக்க."

சிரித்துக்கொண்டேதான் தள்ளி உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை நிரந்தர வேலைக்கான உடல் பரிசோதனை இருந்தது. தேறினால் காப்பீட்டு அட்டை திரும்ப வரும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அக்கா முகம் தெளிவாக இருந்தது.

"இன்னிக்கு அவ வரல."

"முழுசாப் போட்டியாக்கா?"

"ஒண்ணுமே போடலடி."

"அப்ப அவ எங்க போனா?"

"தெரியலையே. எம் பின்னாடி நிக்கிறாளான்னு பாரேன்."

பார்த்தேன். உண்மையாகவே எட்டிப் பார்த்தேன். "உன்னப் பாத்துப் பயந்து ஓடிட்டாக்கா" என்றேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது.

துக்கத்துக்குப் போனபோது அக்காவின் தங்கை பீரோவிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வந்தார். ஒன்றுகூடப் பிரிக்காத முழு அட்டை. "சனிக்கிழமைல இருந்து டெஸ்ட் வரைக்கும் முழுசு முழுசாப் போடணும்னு சேத்து வெச்சிருந்தா. அதுவரைக்கும் தொடமாட்டேன்னா" என்றார். அதை என் கையில் வைத்து மூடினார்.

அந்த அட்டைதான் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது. நம்மில் வேறு யாராவது இதே மாத்திரையை யாருக்கும் தெரியாமல் உடைத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம். என்னிடம் வந்து கேளுங்கள். என் கண்ணெதிரே முழுசாக விழுங்க வேண்டும், அவ்வளவுதான். யாரைப் பார்த்தீர்கள், எங்கே நிற்கிறாள் என்று சொன்னாலும் சரி. நான் கிண்டல் செய்ய மாட்டேன்.