இடப்பக்கம் நின்ற சங்கமித்ராக்கா

தொம்மலூரில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்து மீன்களைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தது சங்கமித்ராக்காதான். பக்கத்து அல்சூர்க்காரர். தொட்டி கழுவுவதும் தீனி போடுவதும் அவர் வேலை. விரல் நீளம்கூட இல்லாத வரிக்குதிரை மீன்களை, "வா ராஜா, பாரோ கண்ணா" என்று தமிழும் கன்னடமுமாகக் கொஞ்சுவார். மீனுக்குக் காது கேட்குமா என்று கேலி செய்தால், "ஒங்களுக்கே ரெண்டு தடவ கூப்ட்டாதான் கேக்குது வைஷ்ணவி மேடம்" என்பார்.

அவர் கணவர் நாகேஷ் ஆட்டோ ஓட்டியவர். வலிப்பு வந்ததும் ஆட்டோவை விட்டுவிட்டார். மாத்திரையில் வலிப்பு குறைந்தது, ஆனால் ஞாபகம் மங்கிக்கொண்டே வருகிறது. போன வாரம் சொந்தத் தெருவையே தாண்டிப் போய்விட்டார். ஒருநாள் தன்னையும் யாரென்று கேட்டுவிடுவாரோ என்பதுதான் அக்காவின் பயம். அதனால்தான் நாங்கள் சோதிக்கும் செடிமருந்தின் மேல் அவருக்கு அத்தனை ஆசை. வலிப்பையும் அடக்கி, ஞாபகத்தையும் காக்குமா என்றுதான் பார்க்கிறோம்.

சோதனை எளிது. இரண்டு பக்கமும் பிரியும் தொட்டியில், இடப்பக்கம் போனால் தீனி என்று மீன்களைப் பழக்குவோம். பிறகு வலிப்பு வரவைப்போம். பாதி மீன்களுக்கு மட்டும் முன்கூட்டியே மருந்து. மறுநாள் தீனி போடாமல் விட்டு, வழி ஞாபகமிருக்கிறதா என்று பார்ப்போம்.

மருந்து பெற்ற மீன்கள் அத்தனையும் இடப்பக்கம் ஓடின. அக்கா கைதட்டினார். எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்புறம் மருந்தே தராத மீன்களை விட்டேன். அவையும் இடப்பக்கமே ஓடின! நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பக்கக் கண்ணாடியை ஒட்டி, தீனி டப்பாவும் கையுமாக அக்கா நிற்கிறார்.

"அக்கா! அதுங்க வழி தெரிஞ்சு போகல, உங்களப் பாத்துப் போகுதுங்க. மொத்தமும் வேஸ்ட்!" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. டப்பாவை மூடினார். மெதுவாகக் கேட்டார்.

"மருந்து தராததுங்களும் என்கிட்டயே வந்துச்சா மேடம்? வலிப்பு வந்து, வழி மறந்ததுங்க கூடவா?"

அவர் யாரை நினைத்துக் கேட்கிறார் என்று புரிந்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. இதையெல்லாம் சோதனை முடிவு என்று யாரிடமும் காட்ட முடியாது. இருந்தாலும் சொன்னேன்.

"ஒண்ணு விடாம வந்துச்சுக்கா."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த முறை, வேறு மீன்களைப் பழக்கித் தொட்டியில் விடும்போது, நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே வெளியே போனார்.

"இப்ப நெசமாப் பாருங்க மேடம்" என்று கதவைச் சாத்தினார்.