"எத்தினை காட்டுது, தங்கச்சி?"

அன்று காலை பத்து மணிக்கு என் தொலைபேசி அடித்தது. கீழ்வீட்டு அக்காவின் கைபேசி இலக்கம். நெஞ்சு நோ வருத்தத்தோடு நாலு நாள் ஆசுப்பத்திரியில் இருந்த பிலோமினா அக்காவை அன்று வீட்டுக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அந்த இலக்கத்தில் அக்காவின் முதற்கேள்வி எப்போதும் அதுதான், நான் ஹலோ சொல்லிப் பழக்கமில்லை.

"இண்டைக்குப் புகைப்பெட்டி போடேல்லையே அக்கா, எதைப் பாத்துச் சொல்லுறது?" என்றேன்.

"மாமி, நான் அன்ரன். அம்மா விடிய போயிட்டா" என்றார் அக்காவின் மகன்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அன்ரன் கேட்டபோது, ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை ஏன் கேட்கிறீர் தம்பி என்றேன். "நீங்கள்தானே மாமி ஒவ்வொரு சனியும் அம்மாவோட கதைச்சனீங்கள்" என்றார். என் பேத்தி பொறியியல் படிக்கிறாள். அவள் பிரெஞ்சு பேசினால் இங்கே பிறந்த வெள்ளைக்காரரே திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்து ஊர் புரோசார்ட்டில் இருக்கும் அவளைக் கூப்பிட்டு எழுதுவிக்கலாம் என்றால், அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. எங்கள் வீட்டில் தமிழில் எழுதக்கூடிய ஆள் இப்போது நான் ஒருத்திதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் புகை இறைச்சியை நத்தாருக்கும் பாஸ்குத் திருநாளுக்கும் சாப்பிடாதவர்கள் எங்கள் லொங்குய்ய் பக்கத்துப் பங்கில் இல்லை. ஆனால் அதற்குக் காவல் இருந்தது மச்சம் தொடாத ஒரு சைவக்காரி என்பது சிலருக்குத் தெரிந்திருக்காது.

பிள்ளைகள் ஸ்மோக்கர் என்று சொல்லும் அந்த மின்சார அடுப்பை அக்கா புகைப்பெட்டி என்பார். எங்கள் வீட்டுக்குப் பின்வளவில் நிற்கிறது. சனிக்கிழமைகளில் அக்கா பங்குக் கோயில் குசினியில் வயதானவர்களுக்குச் சமைக்கப் போவார். பெட்டியைப் பார்க்க முதலில் அன்ரனை வைத்தார், பிறகு பங்கில் ஒருவரை வைத்தார். இருவரும் கதவைத் திறந்து பார்த்தார்கள், பார்த்ததோடு நில்லாமல் பிய்த்தும் தின்றார்கள். கடைசியில் எட்டுப் படி ஏறி மேல்வீட்டில் இருக்கும் என்னிடம் வந்தார்.

"ஒருக்காத் திறந்தா அரை மணித்தியாலச் சூடு போச்சு, தங்கச்சி. நீர் மச்சம் தின்னாத ஆள், ருசி பாக்கத் திறக்க மாட்டீர். ஐயரம்மா, உம்மை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?"

அன்றைக்கு ஒரு சின்னக் கருவியை என் குசினி ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். பெட்டிக்குள் எத்தனை பாகை சூடு என்று அது பாரன்ஹீட் எண்ணில் காட்டும். அரை மணிக்கு ஒருமுறை கோயில் குசினியிலிருந்து அழைப்பார். சுகமா என்றும் கேட்க மாட்டார், தன் பெயரும் சொல்ல மாட்டார்.

"எத்தினை காட்டுது, தங்கச்சி?"

"இருநூத்து இருவது, அக்கா."

"ம்."

எண் சரியாக இருந்தால் கதை நீளும். தன் முழங்கால், என் பேத்தியின் சோதனை, குசினியில் உப்பை அள்ளிக் கொட்டும் ஒரு சகோதரி, எல்லாம் வரும். எண் விழுந்தால் கதை இல்லை, கட்டளைதான்.

முதல் வின்ரர் குளிரில் எண் விழுந்துகொண்டேதான் இருந்தது. வெளியே மைனஸ் இருபத்திரண்டு செல்சியஸ் குளிரில் காலையில் போட்ட பெட்டி மத்தியானமாகியும் நூற்று அறுபதைத் தாண்டவில்லை. இறைச்சியை வீட்டு ஓவனுக்குள் வைத்து முடித்தார். எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்கள். "பொய் சொல்லுறாங்கள்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு பிழையாகப் பிடித்தார். பெட்டியைக் காற்றடிக்காத சுவர் மூலைக்கு நகர்த்தினார். மெல்லிய நீள வயரை எறிந்துவிட்டுக் நீளம் குறைந்த, தடித்த வயர் வாங்கினார். உள்ளே இரண்டு செங்கல்லை அலுமினியத் தாளில் சுற்றி வைத்தார், ஒன்றரை மணித்தியாலம் வெறும் பெட்டியைச் சூடாக்கிய பிறகுதான் இறைச்சி வைத்தார். தண்ணீர்த் தட்டுக்குக் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும் என்பார். அந்தக் கேத்தலைச் சுமந்து பனிப்படி இறங்கியது நான். இரும்பு ஒட்டுவேலை செய்யும் இடத்திலிருந்து அன்ரன் கொண்டு வந்த, நெருப்புப் பிடிக்காத போர்வையை வெளியே சுற்றிக் கட்டியபோது, "என்ர நாரி நோவுக்குப் போர்வை கேட்டன், பெட்டிக்குக் கொண்டு வந்திருக்கிறான்" என்று சிரித்தார்.

ஒருநாள் நான் பெரிய பிழை விட்டேன். கடும் காற்று. பெட்டியின் தலைப்பக்க ஓட்டையால் புகை போய்க்கொண்டிருந்தது. சூடல்லவா வீணாகப் போகிறது என்று நினைத்துப் பழைய துணியால் ஓட்டையை அடைத்துவிட்டேன். எண் ஏறியது. எனக்குப் பெருமை. பின்னேரம் அக்கா திறந்தபோது இறைச்சி தார் பூசியதுபோலக் கறுத்து, மணக்கவே கசந்தது. பத்து இறாத்தல். நான் தலைகுனிந்து நின்றேன். அக்கா துணியைப் பிடுங்கி என் கையில் தந்தார்.

"சூடு வேணுமெண்டு மூச்சை அடைக்கக்கூடாது, தங்கச்சி. புகை வரவும் வேணும், போகவும் வேணும்."

அவ்வளவுதான். அடுத்த சனியும் கருவி என் ஜன்னலில்தான் இருந்தது.

இன்னொரு சனி எனக்குக் கடும் காய்ச்சல். தொலைபேசி அடித்தது கேட்டது, எழும்ப முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுப்பட்டது. சமையல் ஏப்ரனோடு, மேலே கோட்டுப் போட்டபடி, பஸ் பிடித்து வந்து நிற்கிறார். "எத்தினை எண்டு கேட்டா மறுமொழி சொல்லோணும்" என்றார். என் நெற்றியில் கை வைத்தார், மல்லித்தண்ணி அவித்துத் தந்தார். "பெட்டி, அக்கா" என்றேன். "அது கிடக்கட்டும்" என்றார். அது அணைந்து போய்க் கிடந்ததைப் பின்னேரம்தான் பார்த்தோம்.

செத்தவீடு முடிந்து ஒரு கிழமை கழித்து அன்ரன் வீட்டுச் சாமான்களை ஒதுக்க வந்தார். குளிர்ப்பெட்டிக்குள் அக்கா நத்தாருக்கென்று உப்புப் போட்டு வைத்த பன்றி இறைச்சி இருந்தது. எறிவதா என்று கேட்டார். எறிய வேண்டாம் என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன், அந்தக் கருவி என்னிடம்தானே இருக்கிறது என்றேன்.

"அந்த எண் அம்மான்ர போனிலயே தெரியுமே, மாமி. போன வின்ரருக்கு நான்தானே போட்டுக் குடுத்தனான்."

"அவவுக்கு அதைப் பாக்கத் தெரியுமோ?"

"ஓம். குசினியில எல்லாருக்கும் எடுத்துக் காட்டுவா."

ஒரு முழு வின்ரர், எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் எத்தனை என்று கேட்டிருக்கிறார். நானும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பல நாள் எண்ணை உடனே சொல்லாமல், "பொறுங்கோ அக்கா, கண்ணாடி எடுக்கிறன்" என்று இழுத்திருக்கிறேன். கண்ணாடி என் மூக்கில்தான் இருக்கும்.

போன சனிக்கிழமை பெட்டியைப் போட்டேன். மைனஸ் பதினெட்டு. செங்கல், கொதிநீர், போர்வை எல்லாம் அக்கா வைத்தபடி. வாழ்நாளில் மச்சம் தொடாத நான் கையுறை போட்டு, முருகா என்று சொல்லி இறைச்சியை உள்ளே வைத்தேன். ஓட்டையைத் திறந்து விட்டேன், கதவைத் திறக்கவில்லை. எண் இருநூற்று இருபத்தைந்துக்கு வந்து அங்கேயே நின்றது. இந்த ஐந்து வின்ரரில் அது அப்படி அசையாமல் நின்றதே இல்லை. அரை மணிக்கு ஒருமுறை தொலைபேசியைப் பார்த்தேன். பின்னேரம் நாலு மணிக்கு, ஒருவரும் கேட்காமலே, வாய்விட்டுச் சொன்னேன்: "இருநூத்து இருவத்தைஞ்சு, அக்கா."

இந்த மலர் உங்கள் கையில் இருக்கும்போது திருப்பலி முடிந்து மண்டபத்தில் சாப்பாடு கொடுப்பார்கள். உங்கள் தட்டில் இருக்கும் இறைச்சி அதுதான். உப்புப் போட்டது அக்கா, சூடு பார்த்தது நான். முன்பெல்லாம் பெட்டி திறந்ததும் முதல் துண்டை அக்கா வாயில் போட்டு, மேலே என் ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டுவார். சரியாக வந்தது என்று எனக்குத் தெரிவது அப்படித்தான். இந்த முறை தலையாட்ட ஆளில்லை. நான் சாப்பிட்டுப் பார்க்கவும் மாட்டேன்.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது ஜன்னலில் உள்ள அந்தக் கருவியும், அரை மணிக்கு ஒருமுறை தொலைபேசியைத் திரும்பிப் பார்க்கும் இந்தப் பழக்கமும்தான். இறைச்சி எப்படி வந்தது என்று சாப்பிட்டவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள். மேல்வீட்டு மணியை அடித்தாலும் சரி, தொலைபேசியில் என்றாலும் சரி. சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன்.