மூன்று பாலாடை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவும் சரி, அண்ணாவும் சரி, கரண்டியைத் தவிர வேறொன்றையும் பிடித்தறியாதவர்கள். மதராஸ் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு உத்தியோகம் பார்க்க வந்தவர்களுக்குக் காளிகாட்டில் சமைத்துப் போட்டே பிழைத்தோம். கீழே அடுப்புகள், மாடியில் நாங்கள். ஆபீஸ்காரர்களுக்குக் காபி இல்லாமல் பொழுது விடியாது என்பதால் இரண்டு பெரிய பாத்திரங்களில் பால் காய்ந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு குழந்தையை மூன்று நாள் பட்டினி போட்டேன். படிக்காதவர்களால் அது முடிந்திருக்காது.

குழந்தை அண்ணாவின் பெண். நாலு மாதம். மன்னி அவளைக் கும்பகோணத்திலிருந்து எடுத்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்த இடத்தில் மன்னிக்குக் காய்ச்சல் கண்டது. படுக்கையை விட்டு எழுந்தபோது தாய்ப்பால் பாதியாகக் குறைந்திருந்தது. குழந்தை எந்நேரமும் அழுதது. அம்மாவோ அக்காவின் பிரசவத்துக்காகத் திருச்சி போயிருந்தாள். ஆகவே வீட்டில் விஷயம் தெரிந்தவள் என்று சொல்லிக்கொள்ள நான் ஒருத்திதான். சொல்லியும் கொண்டேன்.

பக்கத்துத் தெருவிலிருந்த வங்காளி டாக்டரை நானே போய் அழைத்து வந்தேன். மன்னி அந்நிய ஆண்பிள்ளை முன்னால் வரமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவருக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு வங்காளி தெரியாது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் நான் நின்றேன். கவர்னருக்கும் மகாராஜாவுக்கும் நடுவில் நிற்கும் துபாஷிக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருந்திருக்காது.

தாய்ப்பாலைத் தவிர வேறு என்ன கொடுக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். கதவுப் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"வேளைக்கு மூணு பாலாடை. அதுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்கா" என்றாள் மன்னி.

பாலாடை என்றால் காய்ந்த பாலின்மேல் படியும் ஏடு. எனக்கா தெரியாது? சிறு வயதில் கீழே இறங்கிப் போய் எத்தனை பாத்திரத்தில் வழித்துத் தின்றிருக்கிறேன்! வங்காளியில் அதற்கு 'ஷொர்'. யோசிக்கவே இல்லை. வேளைக்கு மூன்று ஷொர் என்றேன்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சார் மாஷேர் மேயெகெ ஷொர்?" நாலு மாதப் பெண்ணுக்கு ஏடா என்று அவர் போட்ட சத்தத்தில் குழந்தையே அழுகையை நிறுத்தியது. வயிறு என்னத்துக்கு ஆகும், ஜீரணம் ஆகாமல்தான் அழுகிறது, இன்றோடு நிறுத்து, தாய்ப்பால் போதும், ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறேன் என்றார்.

"பாலாடை கூடவே கூடாதாம் மன்னி. உங்க பாலே போதுமாம்."

"எங்கிட்டதான் இல்லையேம்மா."

"டாக்டருக்குத் தெரியாதா? அவர் படிச்சவர்."

"நீயும்தான் படிச்சவ" என்றாள் மன்னி. அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். பால் குறைந்துபோன சமாசாரத்தை டாக்டரிடம் சொல்லவும் இல்லை. அவ்வளவு பெரிய மனிதரிடம் போய் அதையெல்லாம் சொல்வதா என்று தோன்றிவிட்டது.

மூன்று நாள் குழந்தை வீடே இடிகிற மாதிரி அழுதது. சாப்பிட வந்த ஆபீஸ்காரர்கள் ரசத்தோடு எழுந்து போனார்கள். மருந்து வேலை செய்கிறது என்று அண்ணாவுக்குத் தைரியம் சொன்னேன். மருந்தே தரவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நாலாம் நாள் காலையில் சத்தம் நின்றது.

"பாத்தேளா? சரியாப் போச்சு" என்றேன்.

மன்னி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அழத் தெம்பில்லடி அவளுக்கு. நேத்திலேர்ந்து துணி நனையல. கையை எப்படிச் சப்பறா பாரு."

குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தது. "கீழே அத்தனை பால் இருக்கே மன்னி, கொஞ்சம் தண்ணி விட்டுக் காய்ச்சிக் குடுக்கப்படாதோ?"

"நன்னாருக்கே! பாலாடை கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"ஏடுதானே கூடாது? பால் குடுங்கோளேன்."

"ஏடா? ஏட்டை எவடி குழந்தைக்குக் குடுப்பா?"

மன்னி அலமாரியைத் திறந்து, மூக்கு வைத்த ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். குழந்தைக்குப் பால் புகட்டுவது; கண் படும் என்று மன்னி கதவைச் சாத்திக்கொண்டே புகட்டுவாள், நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் என்னையெல்லாம் இந்த ஊர் வழக்கப்படி சிப்பியில் புகட்டித்தான் வளர்த்தார்களாம். "இதுக்குப் பேர் என்னடி, மேம்சாகேப்?"

அதற்கும் பேர் பாலாடைதான். கீழே ஓடிப் பால் கொண்டு வந்தேன். மன்னி ஆற்றி, வெந்நீர் கலந்து புகட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றோடு நிறுத்தினாள். குழந்தை நாக்கை நீட்டி நீட்டித் தேடியது. பிறகு, தெம்பு வந்துவிட்டதே, கத்த ஆரம்பித்தது.

"அம்மா சொன்னது மூணுதான்" என்றாள் மன்னி. "இன்னும் குடுத்து ஏதாவது ஆயிடுத்துன்னா?"

அந்தப் பாலாடையைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நாலு பேரை இடித்திருப்பேன். ஷொர் இல்லை, இதுதான், தாய்ப்பாலும் போதவில்லை என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்ன வாக்கியத்துக்கு அவ்வளவு நேரம் ஆனதில்லை. டாக்டர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் நிரப்பித் தம் மருந்துக் கிளாஸில் ஊற்றினார். ஒரு அவுன்ஸ்கூட இல்லை. சிரிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

வழியெல்லாம் திட்டு. தாய்க்குப் பால் நிறைய இருக்கும்போது மூன்று கிண்ணம் கொசுறு, இல்லாதபோது அதுவே பட்டினி, இதைக்கூடவா உன் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை? ஒரே குழந்தைக்கு ஒரு நாள் போல் மறுநாள் பசிக்காது. கையைச் சப்பினால் கொடு, முகத்தைத் திருப்பினால் நிறுத்து. நாளெல்லாம் துணி நனைகிறதா, வாராவாரம் எடை ஏறுகிறதா என்று பார். ஆறு மாதம் வரை பால்தான், அப்புறம் குழைந்த சாதம். கிண்ணத்தை எண்ணாதே, குழந்தையைப் பார்.

இந்த முறை ஒரு வார்த்தையையும் விடாமல், ஒன்றையும் சேர்க்காமல், கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னேன். என்னைத் திட்டியதையும் சேர்த்துத்தான். அதைக் கேட்டபோது கதவுக்குப் பின்னால் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் வந்த மாதிரி இருந்தது.

குழந்தையை என் மடியில் போட்டுப் புகட்டச் சொன்னாள் மன்னி. நிறுத்தி நிறுத்திக் கொடுத்தேன். நாலு, ஐந்து. ஆறாவதில் பாதி உள்ளே போனதும் உதட்டை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினாள். எனக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம் என்று கிண்ணத்தின் மூக்கை வாயில் வைத்தேன். அத்தனையையும் என் புடவைமேல் துப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதுக்கு அர்த்தம் போதும்னு" என்றாள் மன்னி கதவுக்குப் பின்னாலிருந்து. "டாக்டர்கிட்ட வேற எதையாவது சொல்லி வெக்காதே."