ஓடிப்போன பொன்னுத்தாயியைத் தேடிக் கூமாப்பட்டிக்கு

சிறுவர்களுக்காக ஒரு நாவல் எழுதத் தொடங்கி, கடைசி மூன்று அத்தியாயங்களில் மாட்டிக்கொண்டதால்தான் இந்தப் பயணமே. 1994 மே மாதம், பள்ளி விடுமுறை. இந்தக் காலத்துச் சிறுமி ஒருத்தி நூறு வருடத்துக்கு முந்தைய தன் கொள்ளுப்பாட்டியைத் தேடிப் போவதுதான் கதை. அந்தப் பாட்டிக்கு என் தாத்தாவைப் பெற்றவளின் பெயரையே வைத்திருந்தேன்: பொன்னுத்தாயி. அவளைப் பற்றி எங்கள் வீட்டில் தெரிந்தது ஒன்றே ஒன்று. கூமாப்பட்டிக்காரி, எட்டு மாதப் பிள்ளையை விட்டுவிட்டு எவனோடோ ஓடிப்போனாள். அந்தப் பிள்ளைதான் என் தாத்தா. ராஜபாளையத்தில் அவருடைய அத்தை வளர்த்தார்.

எழுதியதை முதலில் படித்தவள் என் மகள் கயல். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. "பிள்ளையை விட்டுட்டுப் போனவளை அந்தப் பொண்ணு ஏம்மா தேடிப் போறா? எனக்கு அவளைப் பிடிக்கல" என்று நோட்டை மூடி வைத்துவிட்டாள். கதை நடக்கும் ஊர்களை நேரில் பார்க்கலாமென்று அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

திருச்சியிலிருந்து மதுரை வந்து பஸ் மாறினோம். மதுரையிலிருந்து ராஜபாளையம் எண்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். மறுநாள் காலை ஆறரைக்கே தாத்தா வளர்ந்த தெருவுக்குப் போனோம். வீடு இருந்த இடத்தில் பஞ்சுக் கிடங்கு. தெலுங்கும் தமிழுமாகப் பேசிய காவல்காரர் எங்களை உள்ளே விட்டுக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அங்கே கிடைத்தது அவ்வளவுதான்.

ஏழே முக்காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். என் கதையில் ஓடிப்போனவள் இந்த ஊரில்தான் ஒளிந்து வாழ்கிறாள். அதனால் ஆண்டாளைச் சேவித்துவிட்டு ரத வீதிகளைச் சுற்றிச் சுற்றிக் குறிப்பெடுத்தேன். பால்கோவாவைக்கூடக் கயல் பாதியில் வைத்துவிட்டாள். "அவ ஊருக்கு நாம போகவே இல்லையேம்மா?" என்றாள். அது என் திட்டத்திலேயே இல்லை. அங்கே எங்களுக்கு யாரைத் தெரியும்?

ஆனாலும் பதினொன்றேகாலுக்குக் கூமாப்பட்டி பஸ் ஏறினோம். வத்திராயிருப்பு வழியாக ஒரு மணி நேரம். டிக்கெட் கொடுத்த கண்டக்டர், "யாரு வீட்டுக்குப் போறிய?" என்று கேட்டார்.

"எங்க பாட்டி ஊரு. இப்ப யாரு இருக்காங்கன்னு தெரியாது. பாட்டி பேரு பொன்னுத்தாயி."

"அந்தப் பேருல எங்க ஊர்ல ஒரு சாமில்ல இருக்கு! முத்துலெட்சுமி வீட்டுச் சாமி. சத்துணவுல சமைக்கிற பொம்பள. இறங்கி யாரக் கேட்டாலும் சொல்லுவாக."

முத்துலெட்சுமிக்கு என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. மோர் கொடுத்துவிட்டு நாங்கள் யாரென்று கேட்டார். சொன்னேன். அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கினேன். கயல்தான் சொன்னாள்: "அவங்க ஓடிப்போயிட்டாங்களாம்."

"ஏட்டி, யாரு சொன்னா?" என்று நிமிர்ந்தார் முத்துலெட்சுமி. பிறகு என் பக்கம் திரும்பினார். "அவிய ஓடல. அப்ப ஊர்ல வாந்திபேதி. நோவு கண்டவங்கள ஓடைக்கு அந்தப் பக்கம் கொட்டகை போட்டு வச்சிருந்தாக. அவிய வீட்டுக்காரரும் விழுந்துட்டாரு. பிள்ளைய அண்ணங்கிட்டக் குடுத்துட்டு, புருசனப் பாக்க அங்க போயிட்டாக. அண்ணன்னா எங்க பூட்டன். அந்தக் கொட்டகையில எம்புட்டுப் பேருக்குத் தண்ணி குடுத்தாகளோ!"

"பொறவு?" என்றாள் கயல். அந்த ஊர்ப் பேச்சு அவளிடம் அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பேதி வந்த வீட்டுப் பிள்ளைய ராஜபாளையத்துல யாரு சேப்பாக? அவியதான் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்னு அண்ணங்கிட்டக் கத்திச் சொன்னாகளாம், 'நான் ஓடிப்போயிட்டேன், அவரு என்னயத் தேடிப் போயிட்டாருன்னு சொல்லு, அப்பத்தான் பிள்ளைய வாங்குவாக'ன்னு. நாலு நாள்ல ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாக. பூட்டன் வாக்குக் குடுத்துட்டாரு, ராஜபாளையத்துல வாயத் திறக்கல. பின்னால மருமகனப் பாக்கப் போனவர, 'ஓடிப்போனவ அண்ணன்'னு வாசலோட அனுப்பிட்டாகளாம்."

என் தாத்தா தொண்ணூறு வயது வரை தன் தாயின் பெயரைச் சொல்லாமலே வாழ்ந்தவர்.

முத்துலெட்சுமி எங்களை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார். மருதமரத்தடியில் முழங்கால் உயரக் கல், சிவப்புச் சேலை சுற்றியிருந்தது. நான் கும்பிட்டேன். கயல் கும்பிடவில்லை. கல்லுக்கு எதிரே உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோல, "உங்க பிள்ளை பொழச்சுட்டாரு. வாத்தியாரா இருந்தாரு. அவருக்கு அஞ்சு பிள்ளைங்க" என்றாள்.

முத்துலெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தன வருசமா யாரும் வந்து சொல்லல மதினி" என்றார். முறை சரிதான், அண்ணன் வழிக்கு அவர், தங்கை வழிக்கு நான்.

மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் எஸ்டிடி பூத்திலிருந்து அப்பாவுக்குச் சொன்னேன். "எங்கப்பாவுக்குத் தெரியாமலே போச்சேம்மா" என்றார். ஊர் திரும்பி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் குறிப்புகள் அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று அத்தியாயங்களையும் புதிதாக எழுதினேன். கயல் இந்த முறை நோட்டை மூடவில்லை.

நீங்களும் முன்னோரைத் தேடிப் போவதாக இருந்தால் கோயிலைக் காலையிலேயே பார்த்து முடித்துவிடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். கூமாப்பட்டிக்கு அந்த நாளில் பஸ் குறைவு, இப்போது எப்படியோ. திரும்பும் நேரத்தை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாரைத் தேடுகிறீர்களோ அவர் பெயரையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்தக் கண்டக்டருக்கும், நாலு தலைமுறையாகக் கல்லுக்குச் சேலை மாற்றிய குடும்பத்துக்கும் எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வருடம் அப்பா தனியாகவே கூமாப்பட்டி போய் மூன்று நாள் தங்கினார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர், யாரும் கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "எங்க அப்பத்தா ஊருக்குப் போறேன்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.